கண்மாய் மீன்களைப் பெயர் சொல்லி அறிய: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்மாயில் தண்ணீர் குறையும் நேரத்தில் வலையில் வரும் விரல் நீள மீன்களைக் காட்டி "இது என்ன மீன்?" என்று கேட்டுப் பாருங்கள். "கெண்டைக் குஞ்சு" என்று ஒருவர் சொல்வார், "பொடி மீன்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு கைப்பிடிக்குள் நாலைந்து இனங்கள் கலந்து கிடக்கும். அவற்றில் சில குஞ்சுகளே இல்லை. முழுக்க வளர்ந்தும் அந்த அளவுதான்.

தமிழ்நாட்டு ஏரி, கண்மாய், வாய்க்கால், வயல்வெளிகளில் கிடைக்கும் சின்ன நன்னீர் மீன்களை அடையாளம் கண்டு பெயர் சொல்லக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் உடம்பைப் பாருங்கள், எந்தக் குழு என்று பிடியுங்கள், அப்புறம் பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரோடு கேட்ட ஊரையும் எழுதுங்கள்.

முதல் படி: பார்க்கும் இடமும் நேரமும்

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும்போது கீழே உள்ள ஓடையில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அது நல்ல நேரம். ஆனால் தண்ணீர் வேகமாக இருக்கும். புதியவர்கள் கரையிலேயே நிற்பது நல்லது. மதகுக்குக் கீழே, வாய்க்கால் சமதளத்துக்கு வரும் முழங்கால் ஆழ இடங்கள்தான் கற்றுக்கொள்ளத் தோதானவை.

எனக்குக் கேட்டால் கோடையைத்தான் சொல்வேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் தண்ணீர் வற்றும் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா வலை, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். ஒரு காலைப் பொழுதில் அந்தக் கண்மாயின் மொத்த மீன் வகையும் கரைக்கு வந்துவிடும். எல்லாரும் விராலைச் சுற்றிக் கூட்டம் போடுவார்கள். நீங்கள் சேற்றில் விட்டுப்போன பொடிகளைப் பாருங்கள்.

பல ஏரி, கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். வலையோடு இறங்குவதற்கு முன் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பி விடத்தான் போகிறோம் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பறவைகள் சரணாலயம், காப்புக்காடு போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் மீனைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: மீனைத் தண்ணீரில் வைத்தே பார்ப்பது

கையில் எடுத்த மீன் துள்ளும், நிறம் மங்கும், துடுப்பை மடக்கிக்கொள்ளும். அதனால் குறுகலான, பக்கங்கள் தெளிவாகத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். அதே குளத்துத் தண்ணீரை ஊற்றி, ஒரு நேரத்தில் ஒரு மீனை மட்டும் விடுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள், பக்கத்தில் ஓர் அளவுகோல்.

செல்பேசியில் பக்கவாட்டுப் படம் எடுங்கள், தலை இடப்பக்கம் இருக்கும்படி. மீன் ஆய்வாளர்கள் படங்களை அப்படித்தான் வைப்பது வழக்கம். பிறகு ஒப்பிட வசதி. மேலிருந்து ஒரு படம், வாய்க்கு அருகில் ஒரு படம். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால் யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: நான்கு கேள்விகள்

பெயரை மறந்துவிட்டு இவற்றை மட்டும் கேளுங்கள்.

மீசை இருக்கிறதா, எத்தனை ஜோடி?

செதில் இருக்கிறதா, வழவழப்பா?

முதுகுத் துடுப்பு ஒன்றா இரண்டா, குட்டையா நீளமா, முன்பகுதியில் முள் இருக்கிறதா?

வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? மேல்நோக்கினால் நீர்ப்பரப்பில் இரை எடுக்கும் மீன். கீழ்நோக்கினால் அடித்தரையைக் கிளறுவது.

இவற்றுக்குப் பதில் கிடைத்ததும் கரும்புள்ளி, பட்டை, கோடு எங்கே என்று குறியுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். கலங்கல் தண்ணீரில் வெளுத்திருப்பது இனப்பெருக்கக் காலத்தில் சிவந்துவிடும். புள்ளி இருக்கும் இடம் அப்படி மாறுவது குறைவு.

நான்காம் படி: குழுவைப் பிடிப்பது

கெண்டைப் பொடிகள். புதியவர்களுக்குத் தலைவலி இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உடம்பில் செதில், தலையில் செதில் இல்லை, முதுகில் ஒரே துடுப்பு, வாயில் பல் இல்லை, வால் கவைத்திருக்கும்: இது கெண்டைக் குடும்பம். வாயோரத்தில் மிகச் சிறிய மீசை இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். சிலவற்றுக்கு இல்லை, சிலவற்றுக்கு ஒரு ஜோடி, சிலவற்றுக்கு இரண்டு ஜோடி. மயிர் போல இருப்பதால் கண்ணில் படாமல் போகும்.

அடுத்து புள்ளி. மார்புத் துடுப்புக்கு மேலே ஒன்றும் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றுமாக இரண்டு புள்ளி இருந்தால் பெத்தியா டிக்டோ (இங்கே தருபவை அறிவியல் பெயர்கள்) வகையாக இருக்கலாம். வால் அடியில் ஒன்று, முதுகுத் துடுப்பின் அடியில் ஒன்று என்றால் புன்டியஸ் சோஃபோர். உடம்பின் பின்பகுதியில் நீள்வட்டமாக ஒரே பெரிய கரும்புள்ளி, வாலின் இரு முனைகளிலும் சிவப்பும் கறுப்பும் இருந்தால் டாக்கின்சியா ஃபிலமென்டோசா. இதில் வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீளும். குஞ்சுப் பருவத்திலோ உடம்பில் குறுக்குப் பட்டைகள் இருக்கும். இரண்டையும் வேறு வேறு மீன் என்று எழுதிவைத்தவர்கள் நிறைய பேர். புள்ளியே இல்லாமல் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கரும்பட்டை ஓடினால், மெலிந்த உடம்பாகவும் இருந்தால், அது ராஸ்போரா.

கரையில் இருப்பவர்கள் இவை அத்தனையையும் ஒரே பெயரில் அழைப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தையில் விலை ஒன்று, சட்டியில் ருசி ஒன்று; பிரித்துப் பெயர் வைக்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. விற்பனைக்கும் சமையலுக்கும் வித்தியாசம் வருகிற இடத்தில் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறார்கள் என்பதற்கு அடுத்த மீனே சாட்சி.

அயிரை. மதுரைப் பக்கம் இதைத் தெரியாதவர் இல்லை. உருண்டு நீண்ட சின்ன உடம்பு, கீழ்நோக்கிய வாய், அதைச் சுற்றி மீசைகள், மணல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். மணலுக்குள் புதைந்துகொண்டு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முள் உண்டு. விரலில் குத்தும்போது தெரியும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகச் சுவாசிக்க முடிவதால். உயிரோடு விற்கப்படுவதற்கும் இதுதான் காரணம். இதன் அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். 'தெர்மாலிஸ்' வந்தது இலங்கையில் திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து. 1846இல் இந்த மீன் முதலில் விவரிக்கப்பட்டது அங்கே கிடைத்ததைக் கொண்டுதான். வைகைக் கரைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை.

கெளுத்தியும் தேளியும். செதில் இல்லாத வழவழத்த உடம்பு, நான்கு ஜோடி நீண்ட மீசை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் கதிர்களே இல்லாத சதைத் துண்டு போல இன்னொரு துடுப்பு இருந்தால் கெளுத்தி. அது இல்லாமல், முதுகில் பேருக்கு ஒரு குட்டித் துடுப்பும் வயிற்றுப் பக்கம் வால்வரை நீளும் துடுப்பும் இருந்தால் தேளி. இரண்டுக்கும் மார்புத் துடுப்பில் முள் உண்டு. கெளுத்திக்கு முதுகிலும் உண்டு. பயந்தால் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். தேளியின் முள்ளில் கடுமையான விஷம் இருக்கிறது. புதியவர்கள் இவற்றைக் கையால் பிடிக்கவே கூடாது. வலையிலிருந்து நேரே பெட்டிக்குள் கவிழ்த்துவிடுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி தணியும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

கெளுத்தி என்ற பெயர் கடலிலும் உண்டு, அது வேறு குடும்பம். ஆகவே குறிப்பேட்டில் 'ஆற்றுக் கெளுத்தி', 'குளத்துக் கெளுத்தி' என்று தண்ணீரையும் சேர்த்து எழுதுங்கள்.

விராலும் குறவையும். பாம்புத் தலை, உருண்ட உடம்பு, முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் முள்ளில்லாத நீண்ட துடுப்பு. விரால் பெரிதாக வளரும், குறவை சிறிதாகவே நின்றுவிடும். புதியவர்கள் ஏமாறுவது குஞ்சில்தான். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், திரள் திரளாக நீர்ப்பரப்பில் மிதந்து திரியும். தாய் தகப்பன் கீழே காவல் இருக்கும். ஏதோ புது வகைச் சிவப்பு மீன் என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் சிவப்பு போய்விடும். காவல் இருக்கும் திரளில் வலை போடாதீர்கள்.

உளுவையும் ஆரலும். தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும், முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு, வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணம் போல இருக்கும்: அது உளுவை. மூக்கு கூர்மையாக நீண்டு, விலாங்கு மாதிரி உடம்பு, முதுகில் துடுப்புக்கு முன்னால் வரிசையாகக் குட்டி முட்கள்: அது ஆரல். அயிரை, ஆரல், கெண்டை, வாளை எல்லாம் சங்கப் பாடல்களிலேயே வரும் பெயர்கள். இன்றும் கரையில் அதே பெயரைக் கேட்கும்போது கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

பனையேறி கெண்டை. பெயரில் கெண்டை இருந்தாலும் கெண்டைக்கும் இதற்கும் உறவில்லை. முதுகுத் துடுப்பில் கூரிய முட்கள், செவுள் மூடியின் ஓரம் ரம்பப் பல் போல. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதால் ஈரத் தரையில் நகர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனை ஒன்றில் சுமார் ஐந்து அடி உயரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சானது. பறவை தூக்கிப்போய் வைத்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எப்படியோ, மீனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பெட்டியில் விட்டால் மூடி போடுங்கள்.

வயல் வாய்க்காலில் இதன் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது: விரலளவே வளரும், வால் நடுவில் கூராக நீளும், நுரைக்கூடு கட்டி முட்டையிடும். சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ் என்று பெயர். 'குபானஸ்' என்பது புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆறு. 1831இல் அங்கே கிடைத்த மீனுக்குத்தான் இப்பெயர் வைத்தார்கள்.

மேல்மட்டத்தில் நீந்துபவை. தலை தட்டை, வாய் மேல்நோக்கி, மேலிருந்து பார்த்தால் தலையில் வெள்ளியாக மின்னும் ஒரு பொட்டு: இவை அப்லோகைலஸ் இன மீன்கள், நம் மண்ணுக்கே உரியவை. கொசுப்புழுவைத் தின்னும், நீர்ச்செடிகளில் முட்டையிடும். இவற்றோடு குழப்பிக்கொள்ளப்படுவது கம்பூசியா. அது அமெரிக்க மீன். கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தலையில் பொட்டு இருக்காது, முட்டையிடாமல் குட்டி போடும், ஆணின் வயிற்றுப் பக்கத் துடுப்பு குச்சி போல நீண்டிருக்கும். கப்பியும் அந்தக் குடும்பம்தான்.

வெளியிலிருந்து வந்தவற்றில் இன்னொன்றை எல்லாக் கண்மாயிலும் பார்ப்பீர்கள்: ஜிலேபி கெண்டை. இதுவும் கெண்டை இல்லை, ஆப்பிரிக்கத் திலாப்பியா. 1952இல் இலங்கை வழியாக வந்தது. குஞ்சுகளின் முதுகுத் துடுப்பில் பின்புறம் ஒரு கரும்புள்ளி இருக்கும். முதுகுத் துடுப்பின் முன்பாதியில் முட்கள் வரிசையாக நிற்பதால் கெண்டைப் பொடியிலிருந்து பிரித்துவிடலாம். உடம்பெல்லாம் கெட்டித் தகடு போர்த்தி, அடியில் உறிஞ்சும் வாயோடு கிடைப்பது மீன்தொட்டிக் கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் தென்னமெரிக்க மீன். யாரோ வளர்க்க முடியாமல் குளத்தில் விட்டது.

ஐந்தாம் படி: பெயர் கேட்கும் முறை

இப்போதுதான் பெயர் கேட்க வேண்டும். "இது குறவைதானே?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். பெரியவர் "ஆமா தம்பி" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். மீனைக் காட்டி "அண்ணே, இத நம்ம ஊர்ல என்னன்னு சொல்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்தது: "சின்னதா இருக்கும்போதும் இதே பேருதானா?" சில மீன்களுக்குக் குஞ்சில் ஒரு பெயர், வளர்ந்தால் இன்னொன்று. "இதே மாதிரி இருக்கும், ஆனா இது இல்லைன்னு ஏதாவது இருக்கா?" என்பது என்னைப் பொறுத்தவரை மிகப் பயனுள்ள கேள்வி. அதற்கு வரும் பதிலில்தான் வால், முள், ருசி, வாசம் என்று அடையாளங்கள் கொட்டும்.

வலை போடுகிறவரிடமும், மீன் ஆயும் அக்காவிடமும், தூண்டில் போடும் பையனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பெயர் சொன்னால் அந்த ஊருக்கு அது உறுதி. வெவ்வேறு பெயர் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

பெயரைக் கேட்டபடியே தமிழில் எழுதுவது முக்கியம். மீன்களின் பெரிய தகவல் தளமான ஃபிஷ்பேஸில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. அதில் ர எது, ற எது, ல எது, ழ எது என்று தெரியாமல் பாதிப் பெயர்கள் உருக்குலைந்து போயிருக்கின்றன. கரைக்காரர் 'கொறவை' என்று சொன்னால் 'கொறவை' என்றே எழுதுங்கள். பக்கத்தில் 'குறவை' என்று குறித்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: அறிவியல் பெயரோடு சேர்ப்பது

எந்த இனம் என்று உலகம் முழுக்கப் புரிய வேண்டுமானால் அறிவியல் பெயர் வேண்டும். ஆனால் அதுவும் கல்வெட்டு இல்லை. அதன் முதல் பாதி பேரினம், இரண்டாம் பாதி இனம். பழைய நூல்களில் சின்னக் கெண்டைகளில் பெரும்பாலானவை புன்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் இருக்கும். 2012இல் இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியாகொடவும் உடன் உழைத்தவர்களும் அதைப் பிரித்து பெத்தியா, டாக்கின்சியா போன்ற புதிய பேரினங்களை அமைத்தார்கள். அதனால் பழைய புத்தகத்தில் புன்டியஸ் ஃபிலமென்டோசஸ் என்றும் புதியதில் டாக்கின்சியா ஃபிலமென்டோசா என்றும் இருந்தால் இரண்டும் ஒரே மீன்தான். தேடும்போது இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்துகள் கொஞ்சம் மாறினாலும் பெரும்பாலும் அது நிலைத்திருக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் ஆளும் ஆண்டும், முதலில் விவரித்தவரும் விவரித்த ஆண்டும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினம் பிற்பாடு மாறிவிட்டது என்று அர்த்தம். விராலுக்கும் குறவைக்கும் ப்ளாக், 1793 என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்ப்பீர்கள். பெர்லினில் இருந்த இந்த ப்ளாக்குக்கு நம் பக்கத்து மீன்களைச் சேகரித்து அனுப்பியவர்களில் ஒருவர் தரங்கம்பாடிப் பாதிரியார் ஜான்.

இனம் வரை உறுதியாகத் தெரியவில்லையா? பேரினத்தோடு நிறுத்துங்கள். "பெத்தியா, இனம் தெரியவில்லை" என்று எழுதுவது, படத்தைப் பார்த்து ஊகித்த முழுப் பெயரைவிட எவ்வளவோ மேல்.

ஏழாம் படி: குறிப்பேடும், மீனைத் திருப்பி விடுவதும்

ஒரு மீனுக்கு ஒரு பக்கம். தேதி, ஊர், கண்மாய் அல்லது வாய்க்காலின் பெயர், தண்ணீர் ஓடுகிறதா தேங்கியதா, தரை மணலா சேறா, மீனின் நீளம், மூன்றாம் படியின் பதில்கள், கேட்ட பெயர்கள், சொன்னவர் என்ன தொழில் செய்கிறவர், படத்தின் எண். சொன்னவருடைய பெயர் தேவையில்லை. அறிவியல் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். அழிக்க வேண்டி வரும்.

மீனை எடுத்த இடத்திலேயே விடுங்கள். பக்கத்துக் குளம் வசதியாக இருக்கிறதே என்று அங்கே விடாதீர்கள். ஓடைக்கு ஓடை இனம் மாறும், கூடவே நோயும் போகும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன் எதையும் கண்மாயில் விடவே கூடாது. வலையையும் பெட்டியையும் அடுத்த குளத்துக்கு எடுத்துப் போகும் முன் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வலைக் கண்ணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசியில் நத்தையும் முட்டைகளும் கூடவே பயணம் செய்யும்.